கதைவழக்கியல்: மைசூர்ப் படலம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்று பவணந்தி முனிவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் எட்டுச் செய்திகள் வந்தாக வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். மீற நமக்குத் துணிவில்லை. நூலின் பெயர், கதைவழக்கியல். நுதலிய பொருள், பழங்காவியங்களை இன்றைய பேச்சு நடையில் காதுக்குச் சொல்லும் கலை. எல்லை, வடக்கே ரங்கனதிட்டு, தெற்கே சாமுண்டி மலை. அவசியம் நேர்ந்தால் பாலக்காடு, சிகாகோ. யாப்பு, உரைநடை, இடையில் இரண்டு நூற்பா. வழி, தொல்காப்பியரும் நன்னூலாரும் காட்டியது. இதற்குப் பயன்படும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். கேட்போர், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலைநடை போகிறவர்கள். பயனைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆக்கியோன் பெயரை அவையடக்கம் கருதி விட்டுவிடுகிறோம்.

தமிழில் இலக்கணம் செய்கிறவனுக்கு மைசூரில் என்ன வேலை எனின், கூறுதும். நன்னூலைச் செய்வித்த சீயகங்கனே கோலாரை ஆண்ட கங்கர் மரபைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சிற்றரசன். பழைய கங்கர்களின் தலைக்காடு மைசூரிலிருந்து காலையில் புறப்பட்டால் டிபன் நேரத்துக்குப் போய்விடக்கூடிய ஊர். அது பழங்கதை எனின், புதுக்கதையும் உண்டு. செம்மொழித் தமிழுக்கென்று நடுவண் அரசு தொடங்கிய உயராய்வு மையம் 2006-லிருந்து 2008 மே மாதம் சென்னைக்குப் போகும் வரை மைசூர் மானசகங்கோத்ரியில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில்தான் இருந்தது. சங்க இலக்கியத்தின் அதிகாரப்பூர்வ முகவரி அந்த நாட்களில் கர்நாடகப் பின்கோடு. அதுவும் போதாது எனின், ஏ.கே. ராமானுஜன். 1929-ல் மைசூரில் பிறந்தவர். மாடியில் அப்பாவோடு இங்கிலீஷ், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடப் போனவர் கையில் உ.வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் குறுந்தொகைத் தலைவி அமெரிக்க வாசகர்களிடம் நல்ல இங்கிலீஷில், குரலை உயர்த்தாமல், பேச ஆரம்பித்துவிட்டாள். மறுசொல்லலுக்கு இலக்கணம் செய்ய இதைவிடத் தகுதியான ஊர் இருந்தால் தெரிவிக்கவும்.

இனி வகை. மறுசொல்லலுக்கு முதலில் சட்டம் போட்டவர் தொல்காப்பியர். முதல் நூலிலிருந்து வழிநூல் பிறக்கும் முறை நான்கு என்றார்: சுருக்கலாம், விரிக்கலாம், சுருக்கியும் விரித்தும் செய்யலாம், வேறு மொழியிலிருந்து கொண்டுவரலாம். இந்த நான்குக்குள் அடங்காத எதுவும் வந்துவிட முடியாது என்று பல நூற்றாண்டுகள் நிம்மதியாக இருந்தோம். இப்போது ஐந்தாவது ஒன்று வந்திருக்கிறது. முதல் நூலைப் படிக்காமலே சொல்லுதல். இது தொல்காப்பியரின் குறையன்று. அவர் காலத்தில் அதற்கு வசதியில்லை. ஆகவே நாம் புதிதாக விதிக்க வேண்டியதாயிற்று:

படித்துச் சொல்வோன், பாதி படித்தோன்,
படித்தோன் சொல்லக் கேட்டுச் சொல்வோன்,
கேட்டோன் சொல்லக் கேட்டுச் சொல்வோன்
எனநால் வகையர் கதைசொல் வோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கதைசொல்லிகளின் பாகுபாடு கூறுதல் நுதலிற்று. முதல்வன் அருகி வருபவன். மூன்றாமவனை இழிவாக நினைக்கக் கூடாது. நம் பாட்டிமார் எல்லாரும் இந்த வகை. நான்காமவனே இன்று பெருவரவினன். அவனுக்கு யூடியூபில் ஒருவர் சொன்னார். அவருக்கு அமர் சித்திரக் கதை சொன்னது. பாதி படித்தோன் என்றது, சபா பருவம் வரை வந்து சூதாட்டம் முடிந்ததும் நேரே குருக்ஷேத்திரத்துக்குத் தாவுகிறவனை. வன பருவம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. பாண்டவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால் விளம்பர இடைவேளை விட்டுவிடுவான்.

கதைசொல்லிகளில் தலையாய வகை மைசூரில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெயர் கமகம். சங்கீதத்தில் வரும் கமகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கன்னடத்தில் இது காவியம் வாசிக்கும் கலை. மேடையில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கமகி. குமாரவியாசனின் பாரதத்திலிருந்தோ லக்ஷ்மீசனின் ஜைமினி பாரதத்திலிருந்தோ ஆறடிப் பாடல் ஒன்றை, தாளம் இல்லாமல், ராகத்தோடு, சொல் சிதையாமல் பாடுவார். அடுத்தவர் வியாக்கியானி. பாடல் முடிந்ததும் அவர் பேசுவார். பேச்சு என்றால் வீட்டுக் கன்னடம். பிறகு அடுத்த பாடல். பிறகு பேச்சு. இப்படியே ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் வரை.

விராட பருவத்தை எடுத்துக்கொள்வோம். அதை வாசித்தால் மழை வரும் என்று கன்னட நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆகவே வறண்ட வருஷங்களில் உத்தரகுமாரனுக்குக் கிராக்கி அதிகம். கமகி பாடுகிறார்: அந்தப்புரத்தில் பெண்கள் நடுவே நின்று உத்தரன் மீசையை முறுக்குகிறான். முன் வரிசைக் கிழவர் ஒருவர் பாடலோடு சேர்ந்து உதட்டை அசைக்கிறார்; பின் வரிசைக்கு ஏதோ பெரிய விஷயம் என்பதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. வியாக்கியானி சால்வையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிக்கிறார். "என்ன சொல்றான் நம்ம பையன்? பீஷ்மரா, அவருக்கு வயசாயிடுச்சு. துரோணரா, பாடம் சொல்லிக்கொடுக்கிற ஐயர். கர்ணனா, அவன் குலத்தைப் பத்திப் பேச வேண்டாம். நல்ல டிரைவர் ஒருத்தன் மட்டும் கிடைக்கட்டும், நானே ஒரு கை பார்த்துட்டு வந்துடறேன், அப்படிங்கிறான். எல்லாம் அம்மா, தங்கச்சி முன்னாடி!" பின் வரிசை இப்போது நிமிர்ந்து உட்காருகிறது. அடுத்த பாடலில் கௌரவ சேனை கண்ணில் படுகிறது. அதற்கடுத்ததில் உத்தரன் ரதத்தின் பின்பக்கமாகக் குதித்து ஓடுகிறான்; பின்னலும் வளையலுமாக பிருஹந்நளை துரத்துகிறாள். வியாக்கியானி இங்கே வீட்டில் கர்ஜித்துவிட்டு ஆபீஸில் மேலதிகாரி முன்னால் குனிகிற ஒரு குடும்பத் தலைவரைக் கொண்டுவருகிறார். அங்கிருந்து அவருடைய ஸ்கூட்டருக்குப் போகிறார். ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் விலைக்கு. கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கமகி சுருதியை மெல்ல எழுப்புகிறார். வியாக்கியானி ஓரக்கண்ணால் பார்க்கிறார். பெட்ரோல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. உத்தரன் மறுபடி ஓட ஆரம்பிக்கிறான்.

இந்த நூல் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஓரக்கண் பார்வையில் இருக்கிறது. கொச்சைப் பேச்சில் காவியம் சொல்லலாமா என்று இன்று பொருமுகிற பண்டிதர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கொச்சை எப்போதும் இருந்தது. அது மேடையிலேயே, காவியத்துக்கு ஒரு முழம் தள்ளி, சம்பாவனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் பக்கத்தில் மூலம் பாடிக்கொண்டிருந்தது. வியாக்கியானி எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு பாடல் காத்திருந்தது. இந்த இருவரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவரிடம் மட்டும் மைக்கைக் கொடுத்ததுதான் நம் காலம் செய்தது.

கமகம் அழியவில்லை, துங்கை நதிக்கரையில் ஹொசஹள்ளி என்ற சிற்றூரைச் சேர்ந்த கமகி எச்.ஆர். கேசவமூர்த்திக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ஏரிக்கரையில் நடப்பவர்களின் காதில் அது அதிகம் இல்லை.

குமாரவியாசனைப் பற்றி ஒரு துணைவிதி. பதினைந்தாம் நூற்றாண்டில் கதக் ஊர் வீரநாராயணர் கோயில் தூணடியில் உட்கார்ந்து அவன் பாரதம் பாடினான் என்றும், தினமும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து உட்காருவான், வேட்டி காயும் வரைதான் கவிதை வரும், காய்ந்ததும் நின்றுவிடும் என்றும் ஐதீகம். ஒரு எபிசோட் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று இன்று செயலிக்காரர்கள் ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய விடை இது. கதக் வெயிலில் பருத்தி வேட்டி காயும் நேரம். பத்துப் பருவம் பாடியும் அவன் எழுதியதை அழித்துத் திருத்தியதில்லையாம்; அதை அவனே காவியத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். எடிட்டிங் செலவு மிச்சம்.

அடுத்தது அச்சு வகை. இது காதுக்கான நூல் என்பதால் விரைவாகக் கடப்போம். இருந்தாலும் படித்துக்காட்டப்பட்டவை இதில் பல. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்திலேயே மைசூர் அரண்மனை மகாபாரதத்தைக் கன்னட வசனத்தில் செய்யச் சொன்னது. 1950-ல் ஏ.ஆர். கிருஷ்ணசாஸ்திரி எழுதிய வசன பாரதம் வந்தது. கன்னட வீடுகளில் அது பாராயணப் புத்தகத்துக்கும் கதைப் புத்தகத்துக்கும் நடுவிலுள்ள ஒரு அலமாரியைப் பிடித்துக்கொண்டது. நம் பக்கம் ராஜாஜி கல்கியில் வியாசர் விருந்து எழுதினார். பிறகு சக்கரவர்த்தித் திருமகன், 1958-ல் சாகித்திய அகாதெமி. ராஜாஜியின் வாக்கியங்கள் சின்னவை. எந்தப் பாட்டியும் மூச்சு வாங்காமல் வாசிக்கலாம். பேச்சு நடையின் ரகசியம் கொச்சைச் சொல்லில் இல்லை, வாக்கியத்தின் நீளத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குவெம்பு தனி வகை. ஒண்டிக்கொப்பலில் உதயரவி என்ற வீட்டில் இருந்துகொண்டு ஸ்ரீராமாயண தரிசனம் என்ற மகாகாவியத்தை எழுதினார். 1949-ல் வெளிவந்தது, 1955-ல் அகாதெமி விருது, 1967-க்கான ஞானபீடமும் அதற்கே. அதைப் புரிந்துகொள்ளப் பலருக்கு அகராதி வேண்டியிருந்தது. அதே குவெம்பு வால்மீகியை எல்லாரும் படிக்கும்படி எளிய வசனத்திலும் எழுதித் தந்தார். கமகியும் தாமே, வியாக்கியானியும் தாமே. இதற்கு உடம்பில் பலம் வேண்டும்.

ஆர்.கே. நாராயண் வகையைச் சொல்லாமல் மைசூர்ப் படலம் நிறையாது. அவருடைய மாமா டி.என். சேஷாசலம் சென்னையில் கலாநிலயம் என்ற தமிழ் இலக்கிய இதழை நடத்தியவர், கம்பனில் ஊறியவர். 1938-ல் மரணப்படுக்கையில் மருமகனிடம் அவர் கேட்டது சொத்தைப் பற்றியதன்று. கம்பராமாயணத்தைப் படி என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மருமகன் அப்போது இங்கிலீஷ் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். சத்தியத்தின் விளைவு 1972-ல் வந்தது: கம்பனை ஒட்டி இங்கிலீஷில் ஒரு ராமாயணம், கையடக்கமாக. 1978-ல் மகாபாரதமும் வந்தது. மால்குடியில் கடைத்தெருவில் நின்று பேசுகிற அதே அலட்டலில்லாத குரலில் தசரதன் புலம்புகிறான். கம்பனில் பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் இருக்க, நாராயணிடம் அது ஒரு ரயில் பயணத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை சொல்வார் உளர். உண்மைதான். ஆனால் அவர் படித்துச் சொன்னவர், முதல் வகுப்பு. தம் வழி எது என்பதையும் மறைக்கவில்லை. இன்று யாதவகிரியில் அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, 2016-ல் திறந்தார்கள். கம்பனுக்கு நேர்ந்த ஒரு சத்தியம் நிறைவேறிய ஊர் என்ற முறையில் நம்மவர்கள் அங்கே ஒருமுறை போய்வரலாம்.

கைலாசம் வகை ஒன்று உண்டு. டி.பி. கைலாசம், மைசூர்ச் சீமைத் தமிழ்க் குடும்பம், 1884-ல் பிறப்பு, லண்டனில் நிலவியல் படிப்பு, கன்னடத்தில் நாடகம். வக்கீல் வீட்டு ஹாலில் கன்னடமும் இங்கிலீஷும் எப்படிக் கலந்து பேசப்பட்டதோ அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். பல நாடகங்களை அவர் வாயால் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். இப்போது வருகிறது புதிர். அதே மனிதர் ஏகலைவனையும் கர்ணனையும் நாடகமாக்கியபோது மட்டும் கலப்பு மொழியை விட்டுவிட்டுப் பழைய கம்பீரமான இங்கிலீஷுக்குப் போய்விட்டார். கொச்சையைத் தொழிலாகக் கொண்டவரே காவியத்தின் வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறார். இதை எந்த வகையில் சேர்ப்பது என்று இந்நூலாசிரியருக்குத் தெரியவில்லை. புறனடையில் வைக்கிறோம்.

வானொலி வகையில்தான் கதை திரும்புகிறது. 1935 செப்டம்பரில் மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி ஒண்டிக்கொப்பலில் தம் வீட்டிலேயே 30 வாட் கருவியை வைத்துக்கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். பெயர் ஆகாசவாணி. பிற்பாடு அகில இந்திய வானொலியே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. மைசூர் நிலையம் 1955-ல் பெங்களூருக்குப் போனது. தொடங்கியவர் பௌதிகக்காரர் இல்லை, மனோதத்துவக்காரர் என்பதைக் கவனிக்கவும். ஏனெனில் வானொலி கருவியை மாற்றியதைவிட மனத்தை மாற்றியது அதிகம். அதுவரை கதைசொல்லி கேட்போரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கொட்டாவி தெரிந்தது. எழுந்து போகிறவனின் முதுகு தெரிந்தது. அவன் வெற்றிலை துப்பிவிட்டுத் திரும்பி வருவதும் தெரிந்தது. மைக்கின் முன்னால் ஒன்றும் தெரியாது. அன்றைய வானொலியில் வேறு நிலையத்துக்குத் திருப்புவது கொஞ்சம் சிரமம், ஆகவே பயம் குறைவு. இன்று ஒரு விரல் போதும். பாட்காஸ்டுக்காரர் காணாத கேட்போருக்குப் பயந்து பயந்து பேசுகிறார். அந்தப் பயத்தில் அடிக்கொரு ஜோக் விழுகிறது.

பயத்தின் விளைவாக எழுந்த உள்வகைகள் சில. மச்சான் வகை: திருதராஷ்டிரன் "டேய் விதுரா, இந்தப் பசங்களை வச்சுக்கிட்டு" என்று ஆரம்பிப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, காந்தாரி வரும் வரை. அவளுக்கு மச்சான் மொழியில் குரல் கிடையாது. நிர்வாகவியல் வகை: கண்ணன் ஒரு சி.இ.ஓ., பார்த்தன் மனச்சோர்வடைந்த மேனேஜர், குருக்ஷேத்திரம் ஒரு காலாண்டு. இவ்வகையில் அபிமன்யு ஆள்குறைப்பில் போகிறான். விஞ்ஞான வகை: புஷ்பகத்துக்கு எத்தனை இன்ஜின் என்று இதில் சொல்லப்படும். ரகசிய வகை: "உங்களுக்குத் தெரியாத ஐந்து உண்மைகள்" என்று தொடங்கி எல்லாருக்கும் தெரிந்த இரண்டில் முடிவது. இவை ஒன்றோடொன்று கூடியும் வரும். நிர்வாகமும் விஞ்ஞானமும் கூடியது மிகக் கொடியது.

நீளம் குறைந்தால்தான் கேட்பார்கள் என்பதும் பயம் சொல்லித்தரும் பாடமே. 2021-ல் மைசூர் ரங்காயணம் எஸ்.எல். பைரப்பாவின் பருவம் நாவலைப் பிரகாஷ் பெளவாடி இயக்கத்தில் சுமார் எட்டு மணி நேர நாடகமாகப் போட்டது. 1979-ல் வெளிவந்த அந்த நாவலில் தெய்வங்கள் இல்லை, வரங்கள் இல்லை, வியர்வையும் தூசும் பசியும்தான். மகாபாரதத்தை இவ்வளவு சாதாரணமாக்கலாமா என்று அன்று சண்டை நடந்தது. நாடகத்துக்கு ஜனங்கள் காலையில் போய் உட்கார்ந்து, நடுவில் சாப்பிட்டுவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தார்கள். ஜெயமோகன் 2014-லிருந்து 2020 வரை வெண்முரசை 26 நாவல்களாக எழுதினார்; தினமும் காத்திருந்து படித்தவர்கள் இருந்தார்கள். கேட்போருக்குப் பொறுமையில்லை என்று சொல்கிறவர் தம் பொறுமையைப் பற்றித்தான் சொல்கிறார்.

கேட்போரியலுக்கு வந்துவிட்டோம். நன்னூலார் மாணாக்கரை எட்டாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் இடைத்தரம், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைத்தரம். இந்தப் பட்டியலில் இன்று ஆடு மிகுதி; ஒரு செடியில் ஒரு வாய், அடுத்த செடிக்கு ஓட்டம். குமாரவியாசன் வேறு வழியில் பிரித்தான். தன் காவியம் அரசனுக்கு வீரமாகவும், அந்தணனுக்கு வேதசாரமாகவும், மந்திரிக்கு யுக்தியாகவும், பிரிந்திருப்பவனுக்குக் காதலாகவும் கேட்கும் என்றான். நன்னூலார் கேட்போனைக் குறை சொல்கிறார். கதக் கவி ஆளுக்கொரு பங்கு ஒதுக்குகிறான். முன்னவர் ஆசிரியர், பின்னவன் கதைசொல்லி என்பதால் வந்த வேறுபாடு இது.

ஆனால் சிறந்த பாகுபாடு ராமானுஜனிடமிருந்து கிடைக்கிறது. முந்நூறு ராமாயணங்கள் பற்றிய அவருடைய கட்டுரையை 2011-ல் தில்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும்; அதன் கடைசியில் அவர் எடுத்துச் சொல்லும் நாட்டுக்கதை பலருக்கு நினைவிருக்காது. ஒரு மக்கு. அவன் மனைவி ராமாயணம் கேட்டுவிட்டு வா என்று தள்ளி அனுப்புகிறாள். முதல் நாள் தூங்கிவிட்டான். கடைசியில் பிரசாதம் கொடுத்தவர்கள் திறந்திருந்த வாயில் ஒரு இனிப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். எப்படி இருந்தது என்றாள் மனைவி. இனிப்பாக இருந்தது என்றான். மறுநாள் கூட்டத்தில் ஒருவன் இவன் தோள்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தான். இன்றைக்குக் கதை கனமாக இருந்தது என்றான். மூன்றாம் நாள் தரையில் படுத்துத் தூங்கியவன் வாயில் ஒரு நாய் தன் காரியத்தை முடித்துக்கொண்டது. உப்பாக இருந்தது என்றான். நான்காம் நாள் மனைவி தானே கூட வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். அன்று அனுமன் கடல் தாண்டுகிறான். மோதிரம் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுகிறது. அனுமன் கையைப் பிசைகிறான். கேட்டுக்கொண்டிருந்த மக்கு "கவலைப்படாதே, நான் எடுத்துத் தருகிறேன்" என்று எழுந்து கதைக்குள் குதித்து, மோதிரத்தோடு வந்தான்.

ஆக, கேட்போர் நால்வர்: இனிப்புக் கேட்போர், கனக் கேட்போர், உப்புக் கேட்போர், குதிப்போர். பாட்காஸ்டுகள் அனைத்தும் முதல் மூவருக்கே தயாராகின்றன. குதிப்பவனுக்குக் கடல் வேண்டும்; கதைச்சுருக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு அபூர்வக் கேட்போர் உண்டு. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை செய்து, எது மெய்யுரை என்று தீர்மானிக்க முடியாமல் தவித்தபோது, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உயர்ந்த இடத்தில் உட்கார வைத்து வாசித்தார்களாம். மருதனிளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் வந்தது, மயிர்க்கூச்செறிந்தது. தீர்ப்பு முடிந்தது. அதற்குப் பின் பத்துத் தலைமுறை அந்த உரை வாயிலிருந்து செவிக்கே போய்க்கொண்டிருந்தது என்பது மரபு. உலகின் முதல் ஆடியோ விமர்சகர் ஒரு பால்குடி மறந்த பிள்ளை. அவனிடம் லைக் பொத்தான் இல்லை.

மற்றவர் பாலக்காட்டுப் பக்கத்துப் பத்திரகாளி. அந்த அம்மன் கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைத் தோல்பாவைக் கூத்தாக இரவிரவாக நடத்துவார்கள். ராவண வதம் நடந்தபோது தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்து அதைப் பார்க்கத் தவறிய காளிக்காக நடத்தப்படுவது என்பது ஐதீகம். திரைக்குப் பின்னால் புலவர்கள் கம்பன் பாடலைச் சொல்லி, தங்கள் பேச்சில் பொருள் விரித்து, தர்க்கம் செய்து, கிளைக்கதை சொல்வார்கள். பின்னிரவில் திரைக்கு முன்னால் பெரும்பாலும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். புலவர்கள் எதையும் சுருக்குவதில்லை. காணாத கேட்போர்தாம் இவர்களுக்கும். ஆனால் பயம் இல்லை, ஏனெனில் காளி சேனல் மாற்றமாட்டாள்.

குற்றவியல் என்று ஒன்று செய்ய எண்ணியிருந்தோம். பவணந்தி நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களே போதுமானவையாக இருப்பதால் கைவிட்டோம். அவர் சென்று தேய்ந்து இறுதல் என்றது, ஆதி பருவத்தை ஆரவாரமாகத் தொடங்கி பீஷ்மர் சபதம் செய்வதற்குள் நின்றுபோன தொடர்களை. மற்றொன்று விரித்தல் என்றது, திரௌபதி சபைக்கு இழுத்து வரப்படும்போது மியூச்சுவல் ஃபண்ட் பற்றிச் சொல்வதை. கூறியது கூறல், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முந்தைய பகுதி. வெற்றெனத் தொடுத்தல் என்பதற்கு உதாரணம் தேட வேண்டாம். போனைத் திறந்தால் வரும். இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே மனிதர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

எஞ்சியது ஒரே ஒரு விதி.

மூலம் ஒன்று முழங்கிய பின்னர்
கொச்சையும் கூறுக கூச்சம் இன்றே.

இதன் பொருள் வெளிப்படை. கதை சொல்லும் நண்பர்களே, தங்கையரே, உங்கள் மொழியைப் பற்றி எங்களுக்கு வழக்கில்லை. மச்சான் போடுங்கள், பெட்ரோல் விலையைக் கொண்டுவாருங்கள், உத்தரனை ஆபீஸுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கம்பனிலிருந்தோ வில்லிபுத்தூராரிடமிருந்தோ, எந்தக் காவியத்தைச் சொல்கிறீர்களோ அதிலிருந்து, ஒரு பாடலை மட்டும் பிழையில்லாமல், அவசரப்படாமல், பின்னணி இசையை நிறுத்திவிட்டு, வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். பாடத் தெரியாவிட்டால் வாசித்தால் போதும். ஒரு பாட்டுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது.